சிறு வீட்டின் அறம்

'வீடு' என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள் உண்டு. குடியிருக்கும் மனையும் வீடு. கட்டினின்று விடுபடுதலும் வீடு. இரண்டும் 'விடு' என்னும் ஒரே வேரில் முளைத்தவை. சமயவாதிகள் இரண்டாம் பொருளை வானத்துக்கு ஏற்றிவிட்டனர். நாம் அதனை மீண்டும் தரைக்கு இறக்கி, முதற்பொருளின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க விரும்புகின்றோம். குடியிருப்பவனைக் கட்டிப்போடும் மனை வீடாகுமா? எத்தகைய மனை மனிதனை விடுவிக்கும்? இவையே இக்கட்டுரையின் வினாக்கள்.

பினாங்கிலே, சிறப்பாகப் படித்து உத்தியோகம் பார்ப்போரிடையே, கடலோரத்தில் ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ளும் ஆசை பரவி வருகின்றது. மாளிகை வேண்டாம், இரண்டு அறை போதும், மரம், மூங்கில், செங்கல், சுண்ணாம்பு இவற்றால் ஆகட்டும், விடிந்தால் வெளிச்சம் வீடெங்கும் நிறையட்டும், அலையோசை காதில் விழட்டும் என்கின்றனர். கேட்பதற்கு இனிதாகவே இருக்கின்றது. ஆனால் இதனைத் தோட்டத்து மக்களிடம் சொல்லிப் பாருங்கள். "சின்ன வீட்டிலேதானே தலைமுறை தலைமுறையாகக் கிடந்தோம்? எங்களை எளிமையானவர்கள் என்று எவரும் மெச்சவில்லையே! ஏழைகள் என்றல்லவா சொன்னார்கள்?" என்று திருப்பிக் கேட்பார்கள். இக்கேள்வியைத் தாண்டிச் செல்ல நமக்கு உரிமையில்லை. வசதியுள்ளவன் சிறு வீட்டில் இருந்தால் அது ரசனை. வசதியற்றவன் இருந்தால் அது இழிவு. ஒரே அளவுக்கு இரண்டு பெயர் வந்தது எவ்வாறு?

இரண்டு அறைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பிரெஞ்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலை நோக்கிய ரோக்புருன் காப் மார்த்தேன் என்னும் ஊரில், ஒரு மரக்குடில் இருக்கின்றது. சண்டிகார் நகரத்துக்குத் திட்டம் வகுத்த பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, 1951-52ஆம் ஆண்டுகளில் தமக்கென அமைத்துக்கொண்டது அது. நீளம் 3.66 மீட்டர், அகலமும் 3.66 மீட்டர், நம் கணக்கில் பன்னிரண்டடிச் சதுரம். உயரம் 2.26 மீட்டர். கட்டிலும் மேசையும் அலமாரியும் அதற்குள்ளேயே அடங்கும். ஜன்னல்கள் சிறியவை; ஆயினும் அவற்றின் மடக்குக் கதவுகளின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் கடலையும் ஒளியையும் உள்ளே அழைத்துக்கொண்டார். 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவருடைய கட்டடங்கள் பலவற்றை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது, இச்சிறு குடிலும் அவற்றுள் ஒன்றாயிற்று.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் இனத்தார்க்குக் கட்டித் தரப்பட்ட லயத்து அறையின் அளவோ, பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. மலாயாவில் அக்காலத்து இரப்பர்த் தோட்ட லயங்களும் அதே குலத்தில் பிறந்தவையே. அளவை மட்டும் பார்த்தால் இரண்டடிதான் வித்தியாசம். ஒன்று உலகம் போற்றும் கலை. மற்றது உலகம் நாணவேண்டிய கறை. ஆகவே அடிக்கணக்கில் அறம் இல்லை என்பது முதற்கண் தெளிவாகின்றது. பின் எதிலே இருக்கின்றது?

முதலாவது, தெரிவு. லெ கொர்பூசியேக்குப் பாரிஸ் நகரில் வேறு வீடு இருந்தது. அவர் சிறியதை விரும்பி எடுத்துக்கொண்டார். லயத்தில் இருந்தவனுக்கு எடுத்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. மறுக்க முடிந்தவன் ஏற்பதே எளிமை. மறுக்க முடியாதவன் தாங்குவது வறுமை. இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்வது வறுமைக்குப் பூச்சூட்டி விடுதலாகும்.

இரண்டாவது, ஆள்தொகை. குடில் ஒருவர் தங்கி எழுதவும் படுக்கவும் ஆனது. சமையலறைகூட அதில் இல்லை. ஒட்டினாற்போல் இருந்த உணவுக்கடையிலே அவர் உண்டார். லயத்து அறையிலோ சமைத்தலும் உறங்கலும் பிள்ளைப்பேறும் பிணி கிடத்தலும் ஒருங்கே நடந்தன. சிறு வீடு எப்பொழுதும் தனித்து நிற்பதில்லை. தன்னிடம் இல்லாததை அக்கம்பக்கத்தினிடமிருந்து பெற்றே அது சிறியதாக இருக்க முடிகின்றது. அக்கம்பக்கத்திலும் ஒன்றும் இல்லாதபோது, சிறுமை நெருக்கடியாக மாறுகின்றது.

மூன்றாவது, ஒளி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை வரிசை லயங்களில் பின்சுவர் அடுத்த வீட்டானுடையது. அதிலே ஜன்னல் ஏது? முன்கதவு ஒன்றே வாசலும் பலகணியும் புகைபோக்கியும் ஆயிற்று. கட்டியவர்களுக்கு ஒரு சுவர் மிச்சம்; இருந்தவர்களுக்குப் பகலும் இரவே.

நான்காவது, புறப்படும் உரிமை. இதுவே எல்லாவற்றிலும் பெரிது. கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்ற கிராணிமார் இதனை நன்கறிவர். ஏட்டிலே வீட்டுக்கு ஓர் எண் உண்டு. அதன் எதிரே வேலையாளின் பெயர் உண்டு. வேலை நின்றால் பெயர் அடிபடும். எண் வேறொருவனுக்குப் போம். அவன் நட்ட வாழையும் அவன் வெள்ளையடித்த சுவரும் எண்ணோடேயே நின்றுவிடும். உழைப்பு உள்ளவரை நிழல் என்பது வீடன்று. கூலியின் ஒரு கூறு. மலேசியாவில் 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கும் சட்டம் வந்தது. அது நல்ல தொடக்கம். ஆயினும் சுவருக்கும் தண்ணீருக்கும் விதி செய்யும் சட்டம், வயது முதிர்ந்து வேலை விட்டவன் எங்கே போவான் என்னும் கேள்விக்கு விடையாகிவிடாது.

இத்தகைய வரலாற்றை உடைய நம் மக்கள் அத்தாப்புக் கூரையையும் பலகைச் சுவரையும் கண்டால் முகம் சுளிப்பதில் வியப்பென்ன? அவை அவர்களுக்கு 'இயற்கைப் பொருள்கள்' அல்ல, ஒழுகிய இரவுகள். கையில் சிறிது பணம் சேர்ந்ததும் சிமெந்துச் சுவர் எழுப்பி, இரும்புக் கிராதி போட்டு, பளபளக்கும் ஓடு பதித்து, "இனி எவனும் எங்களைக் கூலி என்று சொல்லமுடியாது" என்று நிமிர்கின்றனர். அந்த நிமிர்வை எள்ளி நகைப்பவர் நம் மதிப்புக்கு உரியவரல்லர். ஆனால் அன்போடு ஒன்று சொல்வோம். நம்மைத் தாழ்த்தியது அத்தாப்பு அன்று. அதன் கீழே நம்மை இருத்திய ஏற்பாடு. பொருளின் மீது பழி போட்டுவிட்டு ஏற்பாட்டை மறந்துவிடலாகாது. வரிசை வீடு ஒன்றை வாங்கி, பின்புறத்தைக் கடைசி அடி வரை அடைத்துக் கட்டி, நடு அறையில் பட்டப்பகலில் விளக்கெரிக்கும் குடும்பங்கள் எத்தனை! லயத்தின் இருட்டைக் கடன் வாங்கிக் கட்டிக்கொள்வது முன்னேற்றம் ஆகாது.

சிறு வீடு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஐரோப்பாவரை போகவேண்டியதில்லை. பினாங்கின் பாலிக் புலாவ் பக்கத்திலே மலாய்க்காரரின் பழைய கம்பத்து வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. லிம் ஜீ யுவான் என்பார் மலாய் வீட்டைப் பற்றி எழுதிய அரிய ஆராய்ச்சி நூலும் 1987ஆம் ஆண்டில் இத்தீவிலேயே வெளியாயிற்று. அவ்வீடு தூண்களின்மேல் தரையினின்று உயர்ந்து நிற்கும். ஆகையால் வெள்ளமும் ஈரமும் கீழே போம். காற்று மேலே வரும். சுவர்க்கும் கூரைக்கும் இடையில் செதுக்கு வேலைப்பாடுள்ள திறப்புகள் உண்டு. உச்சியில் சேரும் வெப்பம் அவ்வழியே வெளியேறும். ஜன்னல்கள் தரைவரை இறங்கும். தரையில் பாய் விரித்து அமர்வோர்க்கும் காற்றுப் பட வேண்டும் என்பது அதன் கருத்து. ஜன்னலின் உயரத்தைத் தீர்மானித்தது நாற்காலியன்று, மனிதன்.

இன்னும் ஒரு நுட்பம். 'ரூமா இபு' என்னும் தாய்வீடே முதலில் எழும். பொருள் சேரச் சேர, மக்கள் பெருகப் பெருக, அடுக்களையும் தாழ்வாரமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடும். மரச்சட்டங்கள் பொளி வெட்டிப் பொருத்தி ஆப்பு அடித்துச் சேர்க்கப்பட்டவையாதலின், வேண்டின் பிரித்து வேறிடம் கொண்டுபோகவும் கூடும். லயமோ கட்டிய நாளிலேயே முடிந்துபோனது. அதற்கு வளர்ச்சியும் இல்லை, பெயர்ச்சியும் இல்லை. சிறியதாகத் தொடங்கி வளரக்கூடிய வீடு வேறு. சிறியதாகவே நின்றுவிடும்படி விதிக்கப்பட்ட வீடு வேறு.

இனிப் பினாங்குக் கரையில் ஒளி நிறைந்த சிறு வீடு அமைப்பது எங்ஙனம்? இங்கே ஒளி பஞ்சமான பொருளன்று. வெயிலின்றி ஒளியைப் பெறுவதே கலை. இத்தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் உள்ளது. சூரியன் சில மாதம் வடபாலும் சில மாதம் தென்பாலும் சற்றே சாய்ந்து, நண்பகலில் பெரும்பாலும் தலைக்கு மேலேயே செல்கின்றான். ஆகவே வடக்கும் தெற்கும் திறந்திருக்கலாம். அகன்ற இறவாரம் இருந்தால் அங்கே வெயில் உட்புகாது. கிழக்கும் மேற்குமே காலை மாலைகளில் தாழ்ந்த வெயிலை நேரே வாங்குபவை. அங்கே சிறு திறப்பும் நிழல் மரமும் போதும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னலுள்ள அறையில் கண் கூசும். இரு பக்கமும் ஒளி வந்தால் நிழல் மென்மையாகும். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவர் அவ்வொளியை மூலை வரை கொண்டு சேர்க்கும்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. பகலில் நிலம் விரைந்து சூடேறுவதால் கடலிலிருந்து காற்று வரும். இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் நிலத்திலிருந்து கடலுக்குப் போம். கடலை மட்டும் பார்த்துக் கண்ணாடி வைத்து, பின்புறத்தை அடைத்துவிட்டவனுக்குப் பகலில் காட்சி கிடைக்கும். இரவில் உறக்கம் கிடைக்காது. இவ்வளவும் கண்ணால் கண்டு அறியக்கூடியவை. ஆயினும் நம்மவருள் பலர் மனையடி சாஸ்திரம் பார்ப்பவரை அழைத்து, இத்தனை அடி ஆகும், இத்தனை அடி ஆகாது என்று கேட்டு, அவர் சொற்படி இருக்கும் ஜன்னலையும் அடைக்கின்றனர். வானத்திலே சூரியன் நிற்கும் இடத்தைப் பார்க்காமல் புத்தகத்திலே அவன் நிற்கும் இடத்தைக் கேட்பது அறிவுடைமையோ? முன்னோர் திசை பார்த்ததில் அநுபவம் உண்டு. ஆனால் அவர்கள் பார்த்தது அவர்கள் ஊர்த் திசையை. ஊர் மாறினால் கணக்கும் மாற வேண்டாவா?

பொருள்களைப் பற்றியும் மயக்கம் கூடாது. 'இயற்கை' என்ற பெயர் ஒட்டிவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடாது. கரையோர உப்புக்காற்று இரும்பை அரிக்கும். சிமெந்துக்குள் இருக்கும் கம்பியும் துருவேறிப் பருத்துச் சுவரைப் பிளக்கும். அங்கே மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சிறந்தனவே. ஆனால் செங்கால் மரம் காட்டிலே அருகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. புதுக்காட்டை அழித்துக் கொணர்ந்த மரத்தால் 'எளிய' குடில் கட்டுவது எளிமையன்று. பழைய வீடுகள் இடிபடும்போது கிடைக்கும் சட்டங்கள் உண்டு. காய்ப்பு ஓய்ந்த தென்னைகள் உண்டு. மூங்கிலைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்தால் பூச்சி அரிக்காது. இரப்பர் மரமோ, பால் வற்றி இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் வெட்டப்பட்டபின், பதப்படுத்தினால் வீட்டுக்குள் மேசைக்கும் கட்டிலுக்கும் தகுந்த பலகையாகின்றது. நம் பாட்டிமார் விடியலுக்கு முன் விளக்கோடு சென்று சீவிய மரம் அது. அம்மரத்தில் செய்த மேசையில் அவர்கள் பேரப்பிள்ளைகள் பாடம் எழுதுவார்களாயின், அதைவிடப் பொருத்தமான தளவாடம் வேறென்ன?

அத்தாப்பு குளிர்ச்சியானது, நிப்பா ஓலையால் ஆவது, மக்கினால் மண்ணாகிவிடும். ஆனால் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டும், நெருப்புக்கு அஞ்சவேண்டும். சேர்ந்து வேய அண்டை அயலார் வேண்டும். அண்டையாரோடு பேச்சில்லாதவனுக்கு அத்தாப்புக் கூரை உதவாது, ஓடே உத்தமம். பொருளைத் தெரிந்தெடுக்குமுன் அதனைப் பேணும் வாழ்க்கை நம்மிடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

கடற்கரை என்பது மற்ற நிலம் போன்றதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பினாங்கிலே ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பத்து ஃபிரிங்கி, தஞ்சோங் புங்கா, தெலுக் பாஹாங், பாலிக் புலாவ் கரைகள் அதனைக் கண்டன. ஆகவே அலைக்கு மிக அருகில் கட்டும் ஆசையை அடக்குவதும், தூண்மேல் உயர்த்துவதும், கண்டல் மரங்களை வெட்டாமல் விடுவதும் அழகுக்காக மட்டும் அல்ல. கரைக்கும் நமக்கும் இடையே விடப்படும் வெற்றிடம் வீணான இடமன்று. அதுவே வீட்டின் முதற்சுவர்.

அவ்வெற்றிடம் பிறர்க்கும் உரியது. வலை உலர்த்துகிறவனுக்கும், குழந்தையைக் கையில் பிடித்து மாலையில் உலாவுகிறவளுக்கும் கடல் பொது. இங்கிலாந்தில் 1696ஆம் ஆண்டு முதல் 1851ஆம் ஆண்டு வரை ஜன்னலுக்கு வரி இருந்தது. வரிக்கு அஞ்சிப் பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். ஒளிக்கும் காற்றுக்கும் விலை வைத்த அரசை இன்று நகைக்கின்றோம். ஆனால் கரையை மறைத்து அடுக்குமாடி எழுப்பி, மேல்மாடிக்கு ஒரு விலையும் பின்னால் இருப்பவனுக்கு ஒரு நிழலும் கொடுப்பது வேறு பெயரில் அதே வரியன்றோ? தஞ்சோங் தொக்கோங் பக்கம் கடலையே தூர்த்துக் குடியிருப்பு எழுந்ததை நாம் கண்டிருக்கின்றோம். முன்பு கரையில் இருந்தவன் அதனால் கரையை இழந்தான். அவன் நகரவில்லை, கடல் நகர்த்தப்பட்டது.

இதற்கு மாறான மனப்பான்மையும் உண்டு. திருவனந்தபுரத்துக்கு அருகே பூந்துறை மீனவர்க்கு 1970களில் வீடு கட்டிய லாரி பேக்கர், வீடுகளை ஒரே நேர்வரிசையில் நிறுத்தவில்லை. முன்னும் பின்னுமாக விலக்கி வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று வரவேண்டும், ஒருவன் சுவர் மற்றவன் காற்றைத் தடுக்கக்கூடாது என்பதே காரணம். சிக்கனமாகக் கட்டிய வீடுகளே அவை. நேர்வரிசை எண்ணுபவனுக்கு எளிது. விலக்கி வைத்தது இருப்பவனுக்கு இனிது.

ஜோர்ஜ்டவுன் வெல்ட் கீயின் ஓரத்தில் சீனக் குலத்தார் துறைகள் இருக்கின்றன. கடலிலே தூண் நட்டு, பலகை பாவி, ஒரே குலப்பெயர் உடையோர் ஒன்றாக அமைத்துக்கொண்ட சிறு வீடுகள் அவை. அவர்கள் காலடியில் மண் இல்லை. ஆகையால் நிலப்பட்டாவும் இல்லை. தற்காலிக உரிமச்சீட்டின்மேல் தலைமுறைகள் கழிந்தன. 2006ஆம் ஆண்டில் இரண்டு துறைகள் இடிக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டில் ஜோர்ஜ்டவுன் உலக மரபு நகரமாக அறிவிக்கப்பட்டபின், எஞ்சிய துறைகளைக் காண வெளிநாட்டார் படமெடுக்கும் கருவியோடு வருகின்றனர். முன்னே அகற்றத் தகுந்ததாகத் தோன்றியது பின்னே காட்டத் தகுந்ததாயிற்று. பலகை அதே பலகை. மாறியது பார்ப்பவர் கண். பிறர் கண்ணுக்காக இடிப்பதும் தவறு. பிறர் கண்ணுக்காகக் காப்பதும் போதாது. உள்ளே இருப்பவனைக் கேட்டுச் செய்வதே முறை.

ஆகவே கடலோரத்தில் சிறு வீடு கட்ட எண்ணும் அன்பர்களுக்கு மூன்று கேள்விகளை வைக்கின்றோம். இவ்வீட்டின் அளவை யார் தீர்மானித்தார்கள், அதில் இருக்கப்போகிறவர்களா? இதன் பொருள்கள் எங்கிருந்து வந்தன, எந்தக் காட்டையும் எவன் உழைப்பையும் குறைத்து வந்தன? இது எவனுடைய காற்றை நிறுத்துகின்றது, எவனுடைய வழியை மறிக்கின்றது? இம்மூன்றுக்கும் நாணாமல் விடை சொல்லக்கூடியவன் பன்னிரண்டடிச் சதுரத்தில் இருந்தாலும் பெருவாழ்வு வாழ்பவனே. சொல்ல முடியாதவன் மூங்கிலால் கட்டினாலும் அது மாளிகையின் செருக்கே.

தோட்டத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. உங்களுக்கு எளிமையைப் போதிக்க நாம் வரவில்லை. முதலில் பட்டா, பிறகு பலகையா சிமெந்தா என்னும் பேச்சு. உங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம், அதிலே உங்கள் விருப்பப்படி ஒரு சிறு தாய்வீடு, அது வளர்வதற்குப் பக்கத்தில் சிறிது இடம், இரு பக்கமும் திறக்கும் ஜன்னல்: இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். அவற்றைச் சங்கத்தின் வாயிலாகவும் சட்டத்தின் வாயிலாகவும் கேளுங்கள். கேட்கும்போது, அறை எத்தனை என்று மட்டும் கேளாதீர்கள். வெளிச்சம் எவ்வழி வரும் என்றும் கேளுங்கள். வேலை நின்ற மறுநாளும் அதே கதவை அதே சாவியால் திறக்கக் கூடியவனுக்கே அது வீடு.